வண்டிக்காரர் பதில்கள்: சென்னையில் எந்த வண்டி மலிவு?

(சென்னையில் முதலில் கால் டாக்ஸி, பிறகு ஆப் வண்டி என்று ஓட்டியவர். இப்போது புதுவயலில் இரண்டு டி போர்டு (வாடகை) வண்டிகள் வைத்திருக்கிறார். செட்டிநாட்டு வாசகர்களின் பயணச் சந்தேகங்களுக்கு இந்த இதழிலும் பதில் சொல்கிறார்.)

கேள்வி: காரைக்குடியில் இரவு ஆம்னி பஸ் ஏறினால் விடியுமுன்பே கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து அண்ணா நகரில் மகன் வீட்டுக்குப் போக ஆப்பில் ஒரு ரேட், கால் டாக்ஸிக்குப் போன் போட்டால் ஒரு ரேட், வாசலில் நிற்பவர் சொல்வது இன்னொரு ரேட். அரைத் தூக்கத்தில் எதை நம்புவது அண்ணே? (பள்ளத்தூர் வாசகி)

ஆச்சி, கோயம்பேட்டில் பஸ் நின்ற காலத்தில் உங்களுக்கு இந்தக் கணக்கே வந்திருக்காது. அங்கிருந்து அண்ணா நகர் கூப்பிடு தூரம். ஆட்டோக்காரர் கொஞ்சம் கூடக் கேட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடலாம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. 2024 ஜனவரியில் ஆம்னி பஸ்களும் அங்கே போய்விட்டன. அன்றிலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்கு பஸ் டிக்கெட்டோடு இன்னொரு டிக்கெட் சேர்ந்துகொண்டது. அங்கிருந்து அண்ணா நகருக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும்.

ரேட் மூன்று விதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவன் மனதில் எப்போதும் இரண்டு கணக்கு ஓடும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிலோமீட்டர் ஒன்று. நீங்கள் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் அவன் காலியாக ஓட்டுவது இன்னொன்று. எண்ணெய் இரண்டுக்கும் ஒரே விலைதான். அந்தக் காலி ஓட்டத்தை யார் தலையில் வைப்பது என்பதில்தான் மூன்று பேரும் பிரிகிறார்கள்.

ஆப், அதை அந்த நேரத்துக் கூட்டத்தின் தலையில் வைக்கிறது. விடியற்காலை நாலரைக்கு வரிசையாகப் பஸ்கள் வந்து நிற்கும். இறங்கும் அத்தனை பேரும் ஒரே நிமிடத்தில் போனைத் திறப்பார்கள். பக்கத்தில் பெருங்களத்தூர், தாம்பரத்தில் விழித்திருக்கும் வண்டிகளோ கொஞ்சம். முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ மாதிரி விலை ஏறும். கால் டாக்ஸி அப்படிச் செய்யாது. காலி ஓட்டத்தை வருஷம் முழுக்க எல்லாச் சவாரிக்கும் பிரித்து, கிலோமீட்டர் ரேட்டிலேயே கலந்து வைத்திருக்கும். அதனால் மத்தியானம் பார்த்தால் ஆப்பைவிடக் கூடுதலாகத் தெரியும், நெரிசல் நேரத்தில் பார்த்தால் குறைவாகத் தெரியும். வாசலில் நிற்பவர் ராத்திரி முழுக்க வரிசையில் காத்திருந்தவர். அந்தக் காத்திருப்பு மொத்தத்தையும் உங்கள் ஒருவர் தலையில் இறக்கப் பார்ப்பார். அவரைத் திட்ட எனக்கு மனம் வராது, ஆனால் அவர் சொல்லும் முதல் ரேட்டுக்கு ஏறவும் வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. காரைக்குடியில் பஸ் ஏறும்போதே கால் டாக்ஸிக்குப் போன் செய்து விடிகாலைக்கு ஒரு வண்டி சொல்லி வையுங்கள். அண்ணா நகர் வரை சுமாராக எவ்வளவு வரும், இரவுக் கட்டணம் உண்டா, பஸ் தாமதமானால் வெயிட்டிங் எப்படி என்று அப்போதே கேளுங்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கியதும் ஆப்பைத் திறந்து பாருங்கள். ஆப் குறைவாகக் காட்டி, வண்டியும் உறுதியாகி, ஓட்டுநரும் போனில் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் மட்டும் கால் டாக்ஸியை கேன்சல் செய்யுங்கள். ஆப் எகிறிப்போயிருந்தால் உள்ளேயே உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு பஸ் கூட்டம் கலைந்ததும் ரேட் இறங்குவதை நான் எத்தனையோ விடியலில் பார்த்திருக்கிறேன். தீபாவளி, பொங்கல் முடிந்து எல்லோரும் திரும்பும் நாளில் மட்டும் இந்தக் காபி வைத்தியம் பலிக்காது.

கையில் ஒரே ஒரு பைதான் என்றால் இன்னொரு வழி. நிலையத்திலேயே மாநகரப் பேருந்து ஏறி விமான நிலையத்தில் இறங்கி மெட்ரோ பிடியுங்கள். ஆலந்தூரில் மாறினால் அண்ணா நகரிலேயே இறங்கலாம். மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். முட்டி வலி உள்ளவர்களுக்கு இதை நான் சொல்லவில்லை.

கேள்வி: ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் என்று ஒன்று இருக்கிறதா, இல்லையா? சென்னையில் கேட்டால் சிரிக்கிறார்கள். (தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இருக்கிறது ஐயா, வயதாகிவிட்டது. 2013 ஆகஸ்டில் வைத்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய், காத்திருந்தால் 5 நிமிடத்துக்கு 3.50. இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. இந்தக் கணக்கில் 10 கிலோமீட்டருக்கு 123 ரூபாய் 40 காசு வரும். இரவானால் 185 ரூபாய் 10 காசு.

பதினொரு வருஷத்துக்கு மேல் ஆகியும் யாரும் கூட்டவில்லை என்று 2025 பிப்ரவரியில் ஆட்டோ சங்கங்கள் தாங்களே ஒரு ரேட் அறிவித்தன. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. அதே 10 கிலோமீட்டர் 197 ரூபாய் 60 காசு ஆகிறது. அந்த ரேட்டுக்கு அரசு ஒப்புதல் இல்லை. ஆனால் கணக்கு வாத்தியார் போல யோசித்துப் பாருங்கள், 2013-ல் பெட்ரோல் என்ன விலை, ஒரு டீ என்ன விலை?

இந்த இரண்டு தொகையையும் மனதில் வைத்துக்கொண்டு ஆப்பைத் திறந்தால் உங்களுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். 10 கிலோமீட்டருக்கு ஆப் 170, 180 காட்டினால் அது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, ஏறலாம். 300 காட்டினால் அந்த நேரத்தில் ஏதோ நெரிசல். காரையே பார்த்துவிடுங்கள், சில சமயம் சின்னக் கார் அதைவிடக் குறைவாக இருக்கும்.

கேள்வி: ஆப்பில் 210 ரூபாய் காட்டுகிறது. ஓட்டுநர் போன் செய்து "டிராப் எங்கே?" என்கிறார். சொன்னால் "மேலே அம்பது போட்டுக் கொடுங்க" என்கிறார், இல்லையென்றால் கேன்சல். ஆப்பில் காட்டும் தொகைக்கு என்னதான் மதிப்பு? (காரைக்குடி வாசகர்)

நானும் ஓட்டுநர்தான், அதனால் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்து பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருப்பது மயிலாப்பூர், போக வேண்டியது மாதவரம் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஆறு மணி. தூரக் கணக்கில் ஆப் ஒரு தொகை காட்டும். ஓட்டுநருக்குத் தெரியும், அந்த நேரத்தில் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகலாம், மாதவரத்திலிருந்து திரும்ப உடனே சவாரி கிடைக்காது. அதே ஒன்றரை மணி நேரத்தில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தேனாம்பேட்டை என்று மூன்று சின்னச் சவாரி அடித்துவிடுவார். அவர் கேட்கும் ஐம்பது ரூபாய் அந்தக் காலி ஓட்டத்துக்குத்தான். "டிராப் எங்கே?" என்று முதலில் கேட்பதும் அதற்குத்தான். கேட்கும் முறை தப்பு. உங்களை ரோட்டில் நிறுத்திவைத்துப் பேரம் பேசுவது அதைவிடத் தப்பு.

ஆட்டோவுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. பல ஆப்கள் ஆட்டோக்காரர்களிடம் சவாரிக்கு இவ்வளவு என்று கமிஷன் எடுப்பதை விட்டுவிட்டு, நாளுக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கிவிட்டன. பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி இந்த முறையில்தான் வளர்ந்தது. ஊபரும் 2025 பிப்ரவரியிலிருந்து ஆட்டோவுக்கு இந்த முறைக்கு மாறியது. திரையில் வரும் தொகை ஒரு பரிந்துரை மாதிரி, காசை நேரே ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும். எனவே ஆட்டோவில் பேரம் பேசுவது இனி குறையும் என்று நான் நினைக்கவில்லை. கார் சவாரியில் ஆப் காட்டும் தொகைக்கு மரியாதை கொஞ்சம் அதிகம்.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு 2025 ஜூலையில் ஆப் வண்டிகளுக்குப் புது வழிகாட்டுதல் வெளியிட்டது. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டியவை அவை. அடிப்படைக் கட்டணத்தை மாநில அரசு வைக்கும். ஆப் அதில் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது, இரண்டு மடங்குக்கு மேலே ஏறக் கூடாது. 2020-ல் வந்த பழைய வழிகாட்டுதலில் இது ஒன்றரை மடங்காக இருந்தது, நமக்கு அதுவே தேவலை. சரியான காரணம் இல்லாமல் ஓட்டுநர் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். பயணி கேன்சல் செய்தாலும் அதேதான். சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும்.

அதில் எனக்குப் பிடித்த இடம் இன்னொன்று. குறைந்தபட்சக் கட்டணத்தை 3 கிலோமீட்டருக்குக் கணக்கிட வேண்டும், காரணம் ஓட்டுநரின் காலி ஓட்டம் என்று அதிலேயே எழுதியிருக்கிறார்கள். ஸ்டாண்டில் நாங்கள் காலம் காலமாகக் கத்திக்கொண்டிருந்தது கடைசியில் டெல்லிக் காகிதத்தில் ஏறிவிட்டது.

உங்களுக்கு என் யோசனை: போனில் டிராப் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வர மாட்டார் என்றால் அவரையே கேன்சல் செய்யச் சொல்லுங்கள், நீங்கள் செய்யாதீர்கள். கூடுதல் கேட்டால், பக்கத்து ஆப்பில் என்ன காட்டுகிறது என்று ஒரு நிமிடம் பாருங்கள். அங்கே 270 என்றால் இவர் கேட்கும் 260 மோசமில்லை. மழை கொட்டும்போது இந்த ஆராய்ச்சி வேண்டாம், கிடைத்த வண்டியில் ஏறிவிடுங்கள்.

கேள்வி: என் போனில் 340, என் வீட்டுக்காரர் போனில் 375. பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே இடத்துக்குப் பார்த்தோம். இது என்ன நியாயம்? (கோட்டையூர் வாசகி)

இந்தச் சந்தேகம் நாடு முழுக்க வந்து, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸே அனுப்பியது. போன் ஐபோனா ஆண்ட்ராய்டா என்று பார்த்து விலை வைக்கிறீர்களா என்று கேட்டது. இரண்டு நிறுவனங்களும் அப்படி இல்லை என்று மறுத்தன. சவாரிக்கு முன்பே டிப்ஸ் கேட்கும் வழக்கத்துக்கும் அதே ஆண்டு மே மாதம் ஊபருக்கு நோட்டீஸ் போனது.

நான் பார்த்தவரை வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் அந்தச் சின்னப் புள்ளி, அதாவது நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் பின். ஒருவர் போன் சாலைக்கு இந்தப் பக்கம் காட்டும், இன்னொருவர் போன் அந்தப் பக்கம் காட்டும். நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் வண்டி எங்கேயோ போய் யூ டர்ன் அடித்து வர வேண்டும், தூரம் கூடிவிடும். பல்லவன் ரயிலில் போய் எழும்பூரில் இறங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். காந்தி இர்வின் சாலைப் பக்கம் ஒரு வாசல், பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இன்னொரு வாசல். நீங்கள் ஒரு வாசலில் மூட்டையோடு நிற்பீர்கள், வண்டி மறு வாசலில் நிற்கும், ஓட்டுநர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். பின்னைக் கையால் இழுத்து நீங்கள் நிற்கும் வாசலில் வையுங்கள். அதற்குப் பிறகும் ரேட் வேறாக இருந்தால் குறைவாகக் காட்டும் போனில் போடுங்கள். உங்கள் வீட்டில் அது உங்களுடையது.

கேள்வி: பேரனுக்குப் புதுமை (நகரத்தார் வீட்டுச் சடங்கு). பலகார டின் நாலு, பெட்டி இரண்டு, நாங்கள் மூன்று பேர். ஆப்பில் சின்னக் கார் மலிவாக இருக்கிறதே, போதுமா? (கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர்)

போதாது ஆச்சி. சென்னையில் ஓடும் வாடகைக் கார்களில் நிறைய இப்போது சிஎன்ஜி. டிக்கியைத் திறந்தால் பாதி இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். மீதி இடத்தில் ஒரு பெட்டி வைக்கலாம். முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து அடையாறு வரை போக வேண்டியதுதான். மலிவு ரேட்டில் இரண்டு சின்ன வண்டி போடுவதைவிட ஒரு பெரிய வண்டி பல நேரம் குறைவாக முடியும், மேலே கேரியர் இருந்தால் இன்னும் நல்லது. கேரியர் வேண்டும் என்று ஆப்பில் கேட்கப் பெரும்பாலும் வழியில்லை, கால் டாக்ஸியில் போனிலேயே சொல்லலாம். சீப்புச் சீடை டின்னைக் கேரியரில் ஏற்றாதீர்கள், நொறுங்கிவிடும்.

கேள்வி: அம்மாவை கிரீம்ஸ் சாலை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அங்கேயே ரிப்போர்ட் வாங்கி, பிறகு தி.நகர் போய்விட்டு, அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக வண்டி போடுவதா? (தேவகோட்டை வாசகி)

காலை முழுக்க ஆஸ்பத்திரியில் என்றால் தனித்தனியாகப் போடுங்கள். டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாது, வெளியே வண்டி நிற்க நிற்கக் காசு ஓடும். ரிப்போர்ட் வாங்கிய பிறகு கடை கண்ணி, சொந்தக்காரர் வீடு என்று மூன்று நான்கு இடம் இருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் வாடகை பேக்கேஜ் எடுங்கள். 4 மணி நேரம் 40 கிலோமீட்டர், 8 மணி நேரம் 80 கிலோமீட்டர் என்று இருக்கும், ஆப்பிலும் உண்டு, கால் டாக்ஸியிலும் உண்டு. தி.நகரில் 40 கிலோமீட்டர் உங்களால் செலவழிக்கவே முடியாது, நேரம்தான் முதலில் தீரும். ஆகவே கூடுதல் மணிக்கு என்ன ரேட் என்பதைக் கேளுங்கள், கூடுதல் கிலோமீட்டருக்கு என்ன என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். முக்கியமாக, வாங்கிய பட்டுப்புடவைப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகலாமே. ஓட்டுநர் பெயரையும் வண்டி எண்ணையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: சென்னையில் அறுபதாங் கல்யாணம். காரைக்குடியிலிருந்து காரிலேயே போய், இடையில் ஒரு நாள் தங்கி, மூன்றாம் நாள் திரும்புகிறோம். டிராப் டாக்ஸி இரண்டு தடவை போடுவதா, நம்மூர் வண்டியை அப் அண்ட் டவுன் பேசுவதா? (காரைக்குடி வாசகர்)

எனக்கே இரண்டு வண்டி இருக்கிறது, அதனால் என் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். கணக்கைக் கீழே போடுகிறேன், நீங்களே சரி பாருங்கள். ரேட் வண்டிக்கு வண்டி, சீசனுக்கு சீசன் மாறும். இங்கே கணக்குக்காக மட்டும் வைக்கிறேன்.

ஒரு வழி தூரம் 420 கிலோமீட்டர் என்று வையுங்கள். டிராப் டாக்ஸி, அதாவது ஒரு வழிக்கு மட்டும் காசு வாங்கும் வண்டி, கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால் 5,880. ஓட்டுநர் பேட்டா 500. போக வர இரண்டு தடவைக்கும் சேர்த்து 12,760. அப் அண்ட் டவுன் வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 13 ரூபாய், ஆனால் நாளுக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர் என்ற கணக்கு உண்டு. மூன்று நாளுக்கு 900 கிலோமீட்டர், 11,700. பேட்டா மூன்று நாளுக்கு 1,500. மொத்தம் 13,200. டோல் இரண்டிலும் ஒன்றுதான், லெம்பலக்குடியில் தொடங்கி பரனூர் வரை கட்டிக்கொண்டே போக வேண்டும்.

வித்தியாசம் 440 ரூபாய். அந்த 440-க்கு உங்களுக்கு என்ன கிடைக்கிறது? போக வர 840 கிலோமீட்டர்தான் ஆகிறது, 900-க்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். மீதி 60 கிலோமீட்டர் சென்னைக்குள் ஓடிக்கொள்ளலாம். மண்டபத்துக்கும் தங்கும் இடத்துக்கும் நாலு தடவை போய்வர அதுவே போதும். அந்த நாலு தடவையும் ஆப்பில் போட்டிருந்தால் 440 எங்கேயோ போயிருக்கும். எனவே மூன்று நாளுக்கு அப் அண்ட் டவுன். ஐந்து நாள் தங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும், அப்போது டிராப்தான் சரி.

இரண்டு விஷயம் முன்கூட்டியே பேசுங்கள். கிலோமீட்டர் உங்கள் வாசலிலிருந்து தொடங்குகிறதா, ஷெட்டிலிருந்தா? பெரும்பாலும் ஷெட்டிலிருந்து ஷெட் வரைதான். மதுரை வண்டியை காரைக்குடிக்கு வரவழைத்தால் அந்தத் தூரமும் உங்கள் பில்லில் ஏறும். அப்புறம், ஓட்டுநர் எங்கே படுப்பார்? மண்டபத்தில் ஒரு மூலையும் பந்தியில் ஓர் இலையும் கொடுத்துவிடுங்கள். இரவு முழுக்க காருக்குள் மடங்கிப் படுத்தவர், மறுநாள் விழுப்புரம் தாண்டி கண் அசந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரில் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன், டாக்ஸியைவிட இரண்டாயிரம் குறைவாகக் கொடுங்கள் என்கிறார். (புதுவயல் வாசகர்)

அது ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான இன்சூரன்ஸில் வாடகைக்கு ஓட்டுவதற்குப் பாதுகாப்பு கிடையாது. ஒன்றும் நடக்காதவரை இரண்டாயிரம் லாபம். ஏதாவது நடந்தால் அந்தத் தம்பி குடும்பமும் உங்கள் குடும்பமும் சேர்ந்து கோர்ட்டில் நிற்கும். எண்ணெய் போட்டுவிட்டு உறவாகப் போய் வருவது வேறு, அதில் நான் தலையிட மாட்டேன்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து என் அம்மாவுக்குச் சென்னையில் ஆப் வண்டி போட்டால், ஓட்டுநர் என் நம்பருக்குக் கூப்பிடுகிறார். அம்மாவிடம் சாதா போன்தான். (சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வாசகர், சொந்த ஊர் நாச்சியாபுரம்)

தம்பி, வேறொருவருக்காக புக் செய்யும் வசதி ஆப்பிலேயே இருக்கும். அதில் அம்மா நம்பரைக் கொடுத்தால் வண்டி எண்ணும் ஓடிபியும் அவருக்கு எஸ்எம்எஸ்ஸாகப் போகும். காசை நீங்கள் அங்கிருந்தே கட்டுவதாகப் போடுங்கள். ஆனாலும் என் தேர்வு கால் டாக்ஸி. தனியாகப் போகும் வயதானவர்களுக்கு ஐம்பது அறுபது ரூபாய் கூடப் போனாலும் பரவாயில்லை. போனை எடுத்துப் பேச அங்கே ஒரு ஆள் இருப்பார். வண்டி வரவில்லை என்றால் அம்மாவே கூப்பிட்டுத் திட்டலாம், ஆப்பைத் திட்ட முடியாதே.

நீங்கள் விமானத்தில் சென்னையில் இறங்கும்போது ஒன்று கவனியுங்கள். ஆப் வண்டி ஏற, பல அடுக்கு வாகன நிறுத்தக் கட்டடத்துக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பிரீபெய்டு கவுன்டர் வெளியே வந்ததும் இருக்கிறது, ரேட் கொஞ்சம் கூட. நள்ளிரவில் குழந்தைகளோடு வந்தால் பிரீபெய்டு, பகலில் தனியாக என்றால் ஆப்.

கேள்வி: திருச்சி ஏர்போர்ட்டுக்கு டிராப் டாக்ஸி போட்டால் 90 கிலோமீட்டருக்கு 130 கிலோமீட்டர் காசு வாங்குகிறார்களே? (கொத்தமங்கலம் வாசகர்)

பல டிராப் டாக்ஸிகளில் குறைந்தபட்சமே 130 கிலோமீட்டர்தான். மேலே சொன்ன 14 ரூபாய்க் கணக்கில் 1,820, பேட்டா தனி. நம்மூர் வண்டி நாளுக்கு 300 என்ற கணக்குப் பார்க்காமல், போக வர 180 கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்றாலும் 2,160. டிராப் டாக்ஸிக்குப் பேட்டாவைச் சேர்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவரை ஏற்றிவிட மட்டும் போவதென்றால் எதுவும் சரி. சிங்கப்பூர் விமானத்தில் வருகிறவரை அழைத்துவரப் போவதென்றால் நம்மூர் வண்டி. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானாலும் தெரிந்த ஓட்டுநர் டீ குடித்துவிட்டுக் காத்திருப்பார். டிராப் டாக்ஸியில் வெயிட்டிங் ஏறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஏசி வண்டி என்று போட்டுவிட்டு ஏசி போட மறுக்கிறார்கள். (காரைக்குடி வாசகி)

ஏறும்போதே போடச் சொல்லுங்கள், ஓடிபி சொல்வதற்கு முன்பு.